மான்ட்ரியல் ராயல்ஸ்: இவ்வளவு ஜெயித்த அணியை ஏன் கலைத்தார்கள்?

மூன்றாம்பேஸ் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. கொஞ்ச நாளாக பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனைப் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1947-ல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக இறங்கி, கறுப்பினத்தவரைச் சேர்க்காத மேஜர் லீகின் (அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீக்) நிறத்தடையை உடைத்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு முழுக்க அவர் கனடாவில், மான்ட்ரியல் ராயல்ஸ் என்ற மைனர் லீக் (அதற்குக் கீழ்மட்ட லீக்) அணிக்கு ஆடியிருக்கிறார், இது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

சரி, அந்த அணி என்ன ஆனது என்று பார்க்கப் போனால் ஆச்சரியமாக இருக்கிறது. அவர்கள் ஆடிய இன்டர்நேஷனல் லீகின் சாம்பியன் கோப்பையான கவர்னர்ஸ் கோப்பையை 1941, 1946, 1948, 1949, 1951, 1953, 1958 என ஏழு தடவை வென்றிருக்கிறார்கள். ஜாக்கி ராபின்சன், ராய் காம்பனெல்லா, டியூக் ஸ்னைடர், டான் நியூகோம், டான் டிரைஸ்டேல், ராபர்டோ கிளெமென்டே என்று அந்தச் சட்டையைப் போட்டவர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. 1958-ல் கோப்பை வாங்கிய அணி 1960 சீசன் முடிந்ததும் இல்லாமலே போய்விட்டது. தோற்றுக்கொண்டே இருந்த அணியை மூடினால் புரிகிறது, இவ்வளவு ஜெயித்த அணியை யாராவது கலைப்பார்களா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். விக்கிபீடியாவில் வரும் நாலு வரி எனக்குப் போதவில்லை.

---

பழையஸ்கோர்கார்டு பதில்:

நல்ல கேள்வி நண்பரே. பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நாம் "அணி" என்று சொல்லும்போது தனக்கென்று ஆட்களைத் தேர்ந்தெடுத்து, தன் வெற்றிக்காகவே ஆடுகிற ஒன்றைத்தான் நினைக்கிறோம். மைனர் லீக் ஃபார்ம் அணி அப்படிப்பட்டது இல்லை. வீரர்களின் ஒப்பந்தம் மேலே இருக்கிற மேஜர் லீக் அணியின் கையில். யாரை அனுப்புவது, யாரைத் திரும்ப எடுப்பது, ஜூலை மாதம் கோப்பைக்காக முட்டிக்கொண்டிருக்கும்போது அணியின் சிறந்த பிட்சரை (பந்து எறிபவரை) மேலே கூப்பிட்டுக்கொள்வது, எல்லாமே அவர்கள் முடிவு. ஊர்க்காரர்கள் டிக்கெட் வாங்கிக் கத்தலாம், ஆனால் அணி அவர்களுடையது இல்லை.

ராயல்ஸ் எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1897-ல் தொடங்கி 1917 வரை ஒரு ஓட்டம். அப்புறம் பத்தாண்டு இடைவெளி. 1928-ல் மறுபடி அணி வந்தது, அதற்காகவே டெலோரிமியர் ஸ்டேடியத்தைக் கட்டினார்கள், நகரின் கிழக்குப் பக்கம், டெலோரிமியர் அவென்யூவும் ஒன்டாரியோ தெருவும் சந்திக்கிற இடத்தில், சுமார் 20,000 பேர் உட்காரலாம். பிரெஞ்சுக்காரர்கள் "ருவாயோ" என்பார்கள், ஆங்கிலக்காரர்கள் ராயல்ஸ் என்பார்கள். 1939-ல் புரூக்ளின் டாட்ஜர்ஸுடன் இணைந்தார்கள். அங்கிருந்துதான் பொற்காலம் ஆரம்பித்தது, முடிவுக்கான விதையும் அங்கேதான் விழுந்தது.

டாட்ஜர்ஸின் ஃபார்ம் அமைப்பு அன்று பேஸ்பாலிலேயே பெரியவற்றில் ஒன்று. அமைப்பை வளர்த்த பிராஞ்ச் ரிக்கி, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸில் இருந்தபோதே இந்த முறையை உருவாக்கியவர். புரூக்ளினில் இடம் கிடைக்காத, ஆனால் வேறு எந்த மேஜர் லீக் அணியிலும் ஆடக்கூடிய ஆட்கள் மான்ட்ரியலில் குவிந்தார்கள். நீங்கள் சொன்ன ஏழு கோப்பைகளுக்கும் அதுதான் காரணம், முதலாளி பணக்காரர்.

இப்போது முடிவுக்கு வருகிறேன். ஒரே காரணம் இல்லை, மூன்று நான்கு சேர்ந்து வந்தன.

டிவி. 1949-ல் மைனர் லீகுகள் உச்சத்தில் இருந்தன, 59 லீகுகள், ஆண்டுக்குச் சுமார் 4 கோடி பார்வையாளர்கள். மேஜர் லீக் ஆட்டம் வீட்டுக்குள்ளேயே வர ஆரம்பித்ததும் அது சரிந்து, 1960களின் தொடக்கத்தில் சுமார் 1 கோடியில் வந்து நின்றது. பல ஊர்களில் பல தலைமுறைப் பழக்கம் பத்தே வருடத்தில் போய்விட்டது. மான்ட்ரியலிலும் கூட்டம் வருடா வருடம் தேய்ந்தது.

ஸ்டேடியம் விற்பனை. இதைப் பலரும் கவனிப்பதில்லை, எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. டாட்ஜர்ஸ் உரிமையாளர் வால்டர் ஓ'மாலி, புதிய மைதானம் கட்டப் பணம் சேர்ப்பதற்காக 1950களின் நடுவில் தன் சொத்துகளை விற்க ஆரம்பித்தார். புரூக்ளினில் எபெட்ஸ் ஃபீல்டு, டெக்சஸில் ஃபோர்ட் வொர்த் மைதானம், அவற்றோடு மான்ட்ரியலின் டெலோரிமியர் ஸ்டேடியமும் போனது. அதாவது ராயல்ஸ் தன் சொந்த வீட்டிலேயே வாடகைக்கு இருக்கும் நிலை. ஒரு முதலாளி மைதானத்தையே விற்கிறார் என்றால் அந்த ஊரில் அவர் நெடுநாள் இருக்கப் போவதில்லை என்றுதான் அர்த்தம். கோப்பை ஜெயித்த 1958-க்கு முன்பே இது நடந்துவிட்டது.

அப்புறம் தூரம். 1957 சீசன் முடிந்ததும் டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டது. புரூக்ளினிலிருந்து மான்ட்ரியல் ஒரு ராத்திரி ரயில் பயணம். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து பார்த்தால் கண்டத்தின் மறுகோடி. அவர்களுக்கு ஸ்போகேனில், தங்கள் மேற்குப் பக்கத்திலேயே, ஒரு டிரிபிள்-ஏ (மைனர் லீகின் மேல்மட்டம்) அணி வந்துவிட்டது. செயின்ட் பாலில் இன்னொன்று. மூன்று டிரிபிள்-ஏ அணிகளை வைத்துக்கொண்டு எந்த மேஜர் லீக் அணியும் காலம் தள்ள முடியாது. 1960-க்குப் பிறகு மான்ட்ரியலைக் கைவிட்டார்கள், அந்த உரிமை நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸுக்குப் போய் சிரக்யூஸ் சீஃப்ஸ் ஆனது.

ஆக உங்கள் கேள்விக்கு என் பதில்: ஜெயிப்பதற்கும் மூடுவதற்கும் சம்பந்தமே இல்லை. அணி ஜெயித்தது மேலே இருந்தவர்களின் தேவையால், அணி போனதும் மேலே இருந்தவர்களின் தேவையால்.

---

வடக்குக்காற்று பதில்:

பழையஸ்கோர்கார்டு அண்ணா வியாபாரப் பக்கத்தை அருமையாகச் சொல்லிவிட்டார். நான் மான்ட்ரியலில் இருக்கிறேன், அதனால் 1946-ஐப் பற்றி மட்டும் கொஞ்சம் எழுதுகிறேன், அந்த ஒரு வருடத்துக்காகவே இந்த அணியை நினைவில் வைக்கலாம்.

முதலில் அந்த வருடம் எப்படித் தொடங்கியது என்று பார்க்க வேண்டும். மார்ச் மாதப் பயிற்சி ஃப்ளோரிடாவில். சான்ஃபோர்டு என்ற ஊரில் உள்ளூர்க்காரர்களின் மிரட்டலால் ராபின்சனும், கூடவே ஒப்பந்தமான கறுப்பின பிட்சர் ஜானி ரைட்டும் ஊரை விட்டே கிளம்ப வேண்டியதாயிற்று. ஜாக்சன்வில்லில் ஆட்டம் நடக்க விடாமல் மைதானத்தையே பூட்டிவிட்டார்கள். அணியின் மேனேஜர் கிளே ஹாப்பர், நிறப் பிரிவினை நிலவிய தென் மாநிலமான மிசிசிப்பிக்காரர். ராபின்சனைத் தன் அணியில் போட வேண்டாம் என்று ரிக்கியிடம் கெஞ்சியவர்.

ஏப்ரல் 18, ஜெர்சி சிட்டி, ரூஸ்வெல்ட் ஸ்டேடியம், சீசனின் முதல் ஆட்டம். முதல் முறை பேட் பிடித்தபோது ஷார்ட்ஸ்டாப்பிடம் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) உருட்டி அவுட். மூன்றாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் பேஸில் நிற்க, பந்து இடது பக்க வேலியைத் தாண்டிப் போனது. ராபின்சன் சுற்றி வந்து ஹோம் பிளேட்டை மிதிக்கும் இடத்தில் அடுத்த பேட்டர் ஜார்ஜ் ஷூபா கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ஒரு வெள்ளைக்கை ஒரு கறுப்புக்கையைப் பிடித்துக் குலுக்கும் அந்தப் புகைப்படத்தை அவசியம் தேடிப் பாருங்கள். ஷூபாவின் முகத்தில் எந்தத் தயக்கமும் இல்லை, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். ஹோம் ரன் அடித்தவனுக்குக் கை கொடுப்பது வழக்கம், அவர் கொடுத்தார், அவ்வளவுதான், அந்த "அவ்வளவுதான்" அன்றைக்கு எவ்வளவு பெரிய விஷயம்! அன்று ராபின்சனுக்கு ஐந்தில் நான்கு ஹிட், நான்கு ஓட்டம், இரண்டு ஸ்டீல் (அடி இல்லாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது). மூன்றாம் பேஸில் நின்றுகொண்டு ஓடப்போவது போல முன்னும் பின்னும் ஆடிக் காட்டியே பிட்சரைக் குழப்பி பால்க் (பிட்சரின் விதிமீறல், பேஸில் நிற்பவருக்கு ஒரு பேஸ் இலவசம்) வாங்கி ஓட்டம் எடுத்தார், அதுவும் ஒரே ஆட்டத்தில் இரண்டு தடவை. ராயல்ஸ் 14-1 என்று ஜெயித்தது.

அந்த சீசனில் அவர் பேட்டிங் சராசரி .349, லீகிலேயே முதலிடம். 40 ஸ்டீல், 113 ஓட்டங்கள். அணி 100 வெற்றி, 54 தோல்வி. இரண்டாம் இடத்தில் வந்த அணி 18 ஆட்டங்களுக்கு மேல் பின்தங்கியிருந்தது.

இங்கே வில்லரே பகுதியில் டி கஸ்பே அவென்யூவில் ஒரு சாதாரண மாடி வீடு இருக்கிறது. ஜாக்கியும் ரேச்சலும் அந்த வருடம் அங்கேதான் வாடகைக்கு இருந்தார்கள். ரேச்சல் அப்போது கர்ப்பிணி. கறுப்பினத்தவராக அமெரிக்காவில் வீடு தேடிய கசப்பான அனுபவத்தோடு வாசலில் போய் நின்றவருக்கு வீட்டுக்கார அம்மா டீ கொடுத்து உட்கார வைத்துப் பேசினார் என்று ரேச்சல் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, இவருக்கு பிரெஞ்சு வராது, இருந்தும் போர்க்காலத்து ரேஷன் கூப்பன்களை அவருக்குக் கொடுத்து உதவினார்களாம். அந்த வீட்டுச் சுவரில் 2011-ல் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். நான் அந்தத் தெருவில் போகும்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவேன்.

சீசன் முடிவில், அமெரிக்காவின் தெற்கிலுள்ள லூயிவில் ஊரின் கர்னல்ஸுடன் ஜூனியர் வேர்ல்டு சீரிஸ், அதாவது மைனர் லீக் சாம்பியன்கள் மோதும் தொடர். முதல் மூன்று ஆட்டம் லூயிவில்லில். பார்வையாளர்கள் ராபின்சனைச் சகட்டுமேனிக்குத் திட்டினார்கள், அவருக்கு 11 தடவையில் ஒரே ஒரு ஹிட், ராயல்ஸ் இரண்டு ஆட்டம் தோற்றது. செய்தி இங்கே பத்திரிகையில் வந்திருந்தது. அணிகள் மான்ட்ரியலுக்கு வந்ததும் இங்குள்ள கூட்டம் என்ன செய்தது தெரியுமா? லூயிவில் ஆள் யார் மைதானத்தில் தலைகாட்டினாலும், ஒருத்தர் விடாமல், எல்லோருக்கும் கூச்சல். "எங்கள் பையனை அங்கே அப்படிச் செய்தீர்கள் இல்லையா" என்ற கோபம். ராயல்ஸ் தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்துத் தொடரை 4-2 என்று முடித்தது.

கடைசி ஆட்டம் முடிந்ததும் கூட்டம் மைதானத்தை விட்டுப் போகவில்லை. ராபின்சன் உடை மாற்றி வெளியே வரும் வரை பாடிக்கொண்டே நின்றார்கள், வந்ததும் தோளில் தூக்கினார்கள். அவருக்கு ஊருக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது, விடுவித்துக்கொண்டு தெருவில் ஓட, கூட்டமும் பின்னாலேயே ஓடியது. பிட்ஸ்பர்க் கூரியரில் எழுதிய சாம் மால்டின் அதைப் பார்த்துவிட்டு, ஒரு கறுப்பின மனிதனை வெள்ளையர் கூட்டம் துரத்தியும் அது கொல்வதற்காக இல்லாமல் அன்பினால் துரத்திய நாள் வரலாற்றில் இது ஒன்றாகத்தான் இருக்கும் என்ற பொருளில் எழுதினார். இதை எத்தனை தடவை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஹாப்பரை மறந்துவிட்டேனே. சீசன் முடிவில் அவரே வந்து ராபின்சனின் கையைப் பிடித்துக் குலுக்கி, நீ நல்ல ஆட்டக்காரன், நல்ல மனிதன், என் அணியில் மறுபடி இருந்தால் சந்தோஷம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

---

இடதுகைபிட்சர் பதில்:

அக்கா அருமை. நான் கிளெமென்டே விஷயத்தைச் சேர்க்கிறேன், அண்ணா சொன்ன "மேலே இருப்பவர்களின் தேவை" என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அன்று ஒரு போனஸ் விதி இருந்தது. 4,000 டாலருக்கு மேல் போனஸ் கொடுத்து ஒரு புதிய வீரரை எடுத்தால் அவரை மேஜர் லீக் ரோஸ்டரிலேயே (அணிப் பட்டியலிலேயே) வைத்திருக்க வேண்டும், மைனருக்கு அனுப்பினால் சீசன் முடிவில் மற்ற அணிகள் டிராஃப்டில் (அணிகள் முறை வைத்து வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில்) தூக்கிக்கொண்டு போகலாம். டாட்ஜர்ஸ் 1954-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து 19 வயது கிளெமென்டேயை 10,000 டாலர் போனஸில் எடுத்து மான்ட்ரியலுக்கு அனுப்பினார்கள். மற்ற அணிகளின் கண்ணில் படாமல் இருக்க அவரைப் பெஞ்சிலேயே உட்கார வைத்து ஒளித்தார்கள். 87 ஆட்டத்தில் 148 அட்-பேட் (பேட் பிடித்த முறை) மட்டும், சராசரி .257.

யார் கண்டுபிடித்தது தெரியுமா? கிளைட் சுக்ஃபோர்த். 1945-ல் ராபின்சனைப் பார்த்துப் பேசி ரிக்கியிடம் கூட்டி வந்த அதே ஆள்! 1954-ல் ரிக்கியும் அவரும் டாட்ஜர்ஸை விட்டு பிட்ஸ்பர்க் பைரட்ஸுக்குப் போயிருந்தார்கள். சுக்ஃபோர்த் ராயல்ஸின் பிட்சர் ஜோ பிளாக்கைப் பார்க்கத்தான் போனார். பயிற்சியில் வலது ஓரத்திலிருந்து கிளெமென்டே எறிந்த பந்துகளைப் பார்த்ததும் வந்த வேலையையே விட்டுவிட்டார். கடைசி இடத்தில் இருந்த பைரட்ஸுக்கு டிராஃப்டில் முதல் வாய்ப்பு, நவம்பரில் 4,000 டாலருக்கு எடுத்துக்கொண்டார்கள். கிளெமென்டே பிறகு 3,000 ஹிட் அடித்து, நிலநடுக்கத்தில் தவித்த நிகரகுவாவுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோகும்போது 1972 டிசம்பர் 31 அன்று விமான விபத்தில் இறந்தார்.

அதே விதி இன்னொருவரையும் மான்ட்ரியலுக்குத் தள்ளியது. 1954 டிசம்பரில் டாட்ஜர்ஸ் சாண்டி கோஃபாக்ஸை 14,000 டாலர் போனஸில் எடுத்திருந்தார்கள், அதனால் 1955-ல் அவரை மேலேயே வைத்தாக வேண்டும். இடம் காலி செய்யக் கீழே அனுப்பப்பட்டவர் டாமி லசோர்டா. மேலே ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத அந்த இடதுகை பிட்சர்தான் ராயல்ஸின் வரலாற்றிலேயே அதிகம் ஜெயித்த பிட்சர், 107 வெற்றி.

---

பழையஸ்கோர்கார்டு பதில்:

தம்பி, ஒளித்து வைத்தார்கள் என்ற பகுதியில் மட்டும் ஒரு திருத்தம். இந்தக் கதையை நானும் நெடுநாள் நம்பினேன். பின்னர் வந்த ஆய்வாளர்கள் அந்த சீசனின் பாக்ஸ் ஸ்கோர்களை (ஆட்டவாரியான புள்ளிவிவரங்களை) ஒவ்வொரு நாளாக எடுத்துப் பார்த்தபோது வேறு சித்திரம் கிடைத்தது. சீசனின் முதல் பாதியில் அவர் அதிகம் ஆடவில்லை, உண்மை. ஆனால் ஜூலைக்குப் பிறகு எதிரணியில் இடதுகை பிட்சர் இருந்த ஆட்டங்களில் அவர் தொடர்ந்து இறங்கியிருக்கிறார், வலதுகை பிட்சர் என்றால் வேறு ஆள். மேனேஜர் மேக்ஸ் மேக்கன் பலரையும் அப்படித்தான் மாற்றி மாற்றி ஆட வைத்தார். நிரம்பிய அணியில் 19 வயதுப் பையனுக்கு இடம் கிடைப்பது கஷ்டம்தான். "மூன்று டிரிபிள் (மூன்றாம் பேஸ் வரை ஓடவைக்கும் அடி) அடித்தால் மறுநாள் பெஞ்ச்" போன்ற கதைகளை ஸ்கோர்கார்டு ஆதரிக்கவில்லை.

சுக்ஃபோர்த் பகுதி முழுக்கச் சரி. ராபின்சனும் கிளெமென்டேயும் ஒரே மனிதரின் கண் வழியாக ரிக்கியிடம் போனார்கள், இருவருமே மான்ட்ரியல் சட்டை போட்டவர்கள்.

---

மூன்றாம்பேஸ் கேட்டது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை. ஸ்டேடியத்தை விற்ற விஷயம் எங்குமே என் கண்ணில் படவில்லை, அதைப் படித்ததும் முழுக் கதையும் விளங்கிவிட்டது.

இரண்டே கேள்வி பாக்கி. இன்றைய கான்சாஸ் சிட்டி ராயல்ஸுக்கும் இவர்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? அந்த மைதானம் இப்போது எப்படி இருக்கிறது?

---

இடதுகைபிட்சர் பதில்:

தொடர்பு இல்லை. கான்சாஸ் சிட்டி அணி 1969-ல் தொடங்கியது, பெயர் அந்த ஊரில் நடக்கும் அமெரிக்கன் ராயல் கால்நடைக் கண்காட்சியிலிருந்து வந்தது. அதே 1969-ல்தான் மான்ட்ரியலுக்கு எக்ஸ்போஸ் வந்தது, அமெரிக்காவுக்கு வெளியே முதல் மேஜர் லீக் அணி. 2004 முடிந்ததும் அதுவும் வாஷிங்டனுக்குப் போய்விட்டது.

லசோர்டா, இடையில் வேறு அணிகளுக்குப் போய்வந்தாலும், 1960 வரை ராயல்ஸில் இருந்தார். பிறகு டாட்ஜர்ஸின் மேனேஜராகி 1981, 1988 என இரண்டு வேர்ல்டு சீரிஸ் (மேஜர் லீக் இறுதித் தொடர்) ஜெயித்தார்.

---

வடக்குக்காற்று பதில்:

மைதானம் இல்லை. இடித்துவிட்டு அங்கே ஒரு பள்ளிக்கூடம் கட்டிவிட்டார்கள். எக்ஸ்போஸ் வந்தபோதுகூட அங்கே ஆடவில்லை, ஜாரி பார்க்கில் ஆடினார்கள். ஒலிம்பிக் ஸ்டேடியத்தின் வெளியே குழந்தைகளோடு நிற்கும் ராபின்சன் சிலை ஒன்று உண்டு, ஊருக்கு வருகிறவர்கள் அங்கேதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் நீங்கள் எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் முதலில் டெலோரிமியரும் ஒன்டாரியோவும் சந்திக்கிற மூலைக்கு வாருங்கள். பள்ளி விடுகிற நேரமாக இருந்தால் நல்லது. பிள்ளைகள் பையை முதுகில் போட்டுக்கொண்டு கத்திக்கொண்டே தெருவில் ஓடுவார்கள், 1946 அக்டோபரில் அவர் பின்னால் கூட்டம் ஓடியதும் அங்கிருந்துதான்.